அரளி தின்னும் பச்சைப் புழு

நந்தியாவட்டைச் செடியின் அடியில் மிளகு மிளகாக எச்சம் உதிர்ந்து கிடந்தால், நேர் மேலே உள்ள கிளையைப் பாருங்கள். இலையெல்லாம் காம்பு வரை தின்னப்பட்டிருக்கும். அங்கே விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு ஒட்டிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்கக் கிண்டி தேசியப் பூங்காவுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. வீட்டு வேலியும், நெடுஞ்சாலையின் நடுவே நட்டிருக்கும் அரளி வரிசையும் இதற்குப் போதுமான காடு. ஓலியாண்டர் ஹாக் மாத் எனப்படும் பெரிய விட்டில்பூச்சியின் புழு இது. 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட இனம். இன்றைய அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரி.

அரளியில் ஆடு மாடு வாய் வைப்பதில்லை. இலை, பூ, தண்டு எல்லாவற்றிலும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. செல்களிலிருந்து சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதத்தை அந்த நஞ்சு முடக்கிவிடும். அந்தப் புரதம் நின்றால் நரம்பும் தசையும் நின்றுவிடும். எருக்கங்குடும்பத்துச் செடிகளைத் தின்னும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்கும் இதே சிக்கல் உண்டு. பரிணாமத்தில் அதன் புரதமே நஞ்சு பற்றாதபடி மாறிப்போயிற்று. நம் பச்சைப் புழுவின் வழி வேறு. நரம்பு மண்டலத்தைப் போர்த்தியிருக்கும் உறை, நஞ்சை உள்ளே விடாமல் தடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே நஞ்சுக்கு இயற்கை கண்ட இந்த இரண்டு விடைகளில், இரண்டாவதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

தலைக்குச் சற்றுப் பின்னால், கருவளையம் சூழ்ந்த இரண்டு நீலப் பொட்டுகள் உண்டு. தொட்டால் தலையை உள்ளிழுத்து முன்னுடலைப் புடைக்கும். பொட்டுகள் விரிந்து, ஏதோ பெரிய விலங்கு முறைப்பதாகத் தோன்றும். குருவிகளை மிரட்ட அது போதும். வாலில் உள்ள சிறு கொம்பைக் கண்டு பயப்படவேண்டாம், அது கொட்டாது. கம்பளிப்பூச்சியின் சுணையும் இதற்குக் கிடையாது.

முழுதாக வளர்ந்ததும் பச்சை நிறம் பழுப்பாக மாறும். புழு செடியை விட்டு இறங்கிச் சருகுக்குள் புகுந்து, தளர்வாக நூல் கட்டிக் கூட்டுப்புழுவாகிவிடும். சில வாரங்களில் வெளிவரும் விட்டிலின் விரித்த சிறகு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். பச்சையும் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த அந்தச் சிறகு, பகலில் இலைகளுக்கிடையே கண்ணுக்கே படாது. அந்தி சாய்ந்ததும் விட்டில் மணமுள்ள பூக்களின் முன் அந்தரத்தில் நின்றபடி, நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும். பறப்பதில் அசாத்திய வலு. ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி, கோடையில் ஐரோப்பா வரை போகிறது.

இலை இழந்த நந்தியாவட்டை மறுபடி துளிர்த்துவிடும். அதற்காகப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். செடியடிச் சருகையும் கூட்டி எரிக்காமல் ஒரு மாதம் விட்டுவையுங்கள். கூட்டுப்புழு அதற்குள்தான் இருக்கிறது.