உலோகத் தூண்டில் இரைகளின் வீட்டுப்பட்டறை உருவாக்கம்: உலோகத் தேர்வும் அதன் விளைவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

மீனைக் கவரும் உலோகச் செயற்கை இரைகளைத் தூண்டில் மீன்பிடிப்போர் பலர் வீட்டுப் பட்டறைகளிலேயே செய்துகொள்கின்றனர். தகட்டை வெட்டிக் குழித்தல், உலோகத்தை உருக்கி வார்த்தல் ஆகிய இரு முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. ஈயத்தினால் விளையும் கேட்டை எடுத்துரைத்து, அதற்கு மாற்றாக வெள்ளீயத்தைக் கொள்ளும்போது இரையின் அளவும் மூழ்கும் வேகமும் எவ்வளவு மாறும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தூண்டில், செயற்கை இரை, பித்தளை, ஈயம், வெள்ளீயம், வார்ப்பு.

முன்னுரை

புழு, சிறுமீன் போன்ற உயிர் இரைகள் மணத்தாலும் சுவையாலும் மீனை ஈர்க்கின்றன. உலோக இரைக்கு அவ்விரண்டும் இல்லை. ஒளியும் அசைவும் நீரில் எழும் அதிர்வுமே அதன் கவர்ச்சி. கரண்டி வடிவ இரைக்கு அமெரிக்கரான ஜூலியோ பியூல் 1852இல் காப்புரிமை பெற்றார். ஏரியில் தவறி விழுந்த உணவுக்கரண்டியை மீன் கவ்வக் கண்டு அவர் இதனை உருவாக்கினார் என்றொரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், குழிந்த உலோகத் தகடு நீரில் இழுபடும்போது இருபுறமும் மாறிமாறிச் சாய்ந்து, அடிபட்ட சிறுமீனைப் போலத் தோன்றுகிறது என்பதே அவ்வடிவத்தின் அடிப்படை.

தகட்டு இரை

கரண்டி இரைக்குப் பித்தளைத் தகடும் செம்புத் தகடும் ஏற்றவை. இவற்றின் உருகுநிலை மிக உயர்வு. ஆதலின் வீட்டில் இவற்றை உருக்காமல் தகடாகவே கையாளுகின்றனர். வடிவத்தை வரைந்து, தகட்டுக் கத்திரியால் வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, மரக்கட்டையில் செதுக்கிய குழியின்மேல் வைத்து உருண்டைமுகச் சுத்தியலால் தட்டிக் குழிவை உண்டாக்குவர். தட்டத் தட்டப் பித்தளை இறுகும். மேலும் தட்டினால் விரிசல் விடும். மங்கிய செந்நிறம் தோன்றும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் இளகும். அளவுமீறிச் சூடாக்கின் பித்தளையிலுள்ள துத்தநாகம் ஆவியாகிக் காய்ச்சல் போன்ற நோயை உண்டாக்கும்.

இரு முனைகளிலும் துளையிட்டு, ஒன்றில் நரம்பையும் மற்றொன்றில் வளையத்தின் வழியே தூண்டில் முள்ளையும் இணைப்பர். துளையின் விளிம்பு கூர்மையாக இருப்பின் நரம்பு அறுபடும். ஆகவே அதனையும் உப்புத்தாளால் தேய்ப்பது இன்றியமையாதது.

இரையின் எடையைத் தகட்டின் தடிப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. 60 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமும் உடைய நீள்வட்டப் பித்தளைத் தகடு 1 மி.மீ. தடிப்பில் ஏறத்தாழ 8 கிராமும், 1.5 மி.மீ. தடிப்பில் 12 கிராமும் இருக்கும். மெல்லிய தகடு மெதுவாக இழுத்தாலும் நன்கு அசையும். தடித்த தகடு தொலைவில் சென்று விழுந்து விரைந்து மூழ்கும். குழிவு மிகுந்தால் அசைவும் மிகும். அளவு கடப்பின் இரை அசைவதை விட்டுச் சுழலத் தொடங்கி நரம்பை முறுக்கிவிடும்.

வார்ப்பு இரையும் ஈயமும்

தலைப்பகுதி கனத்த இரைகள் அச்சில் வார்க்கப்படுகின்றன. 327 பாகை செல்சியசில் உருகுவதாலும், அடர்த்தி மிகுந்திருப்பதாலும் (கன செ.மீ.க்கு 11.34 கிராம்), மலிவாகக் கிடைப்பதாலும் ஈயம் நெடுங்காலமாக விரும்பப்பட்டது. அதன் கேடு இருவகையில் நிகழ்கிறது.

முதலாவது, வீட்டினுள். உருகிய ஈயத்தின்மேல் படியும் கசடு, அரத்தூள், மிகுசூட்டில் எழும் ஆவி ஆகியன கை, உடை, தரை வழியாகக் குழந்தைகளைச் சென்றடைகின்றன. ஈயத்தில் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இரண்டாவது, நீர்நிலையில். உணவை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் நீர்ப்பறவைகள் அவற்றோடு ஈயக்குண்டுகளையும் விழுங்குகின்றன. ஊமை அன்னங்களின் சாவைக் கருதி இங்கிலாந்து 1987இல் 0.06 முதல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளைத் தடைசெய்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் லூன் பறவைகளின் பொருட்டு, ஓர் அவுன்சும் அதற்குக் குறைவும் ஆன ஈயக்குண்டுகளுக்கும் ஈயத்தலை இரைகளுக்கும் 2016இல் தடையை நடைமுறைப்படுத்தியது.

மாற்று உலோகங்கள்

வெள்ளீயம் 232 பாகையில் உருகுகிறது. பிஸ்மத் 58 விழுக்காடும் வெள்ளீயம் 42 விழுக்காடும் கலந்த உலோகக்கலவை 138 பாகையிலேயே உருகும். ஆயினும் அது நொறுங்கும் தன்மையது.

எடை குறைந்துவிடும் என்பது மாற்று உலோகத்துக்கு எதிரான முதன்மை வாதம். 20 கிராம் ஈயம் கொள்ளும் அச்சில் வெள்ளீயம் ஏறத்தாழ 13 கிராமே கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் அச்சைப் பெரிதாக்கினால் இக்குறை நீங்கும். 20 கிராம் வெள்ளீயத்துக்கு 56 விழுக்காடு கூடுதல் கன அளவு தேவை. இது நீளம், அகலம், தடிப்பு ஒவ்வொன்றிலும் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான கூடுதலே. வடிவம் மாறாதெனக் கொண்டால், நீரின் மிதப்பு விசையையும் தடையையும் கருதும்போது மூழ்கும் வேகம் ஏறத்தாழ 16 விழுக்காடு குறையும். ஆழ்நீரில் இது குறையே எனினும், ஆழமற்ற நீரில் மெதுவாக இறங்கும் இரை மீனின் பார்வையில் நெடுநேரம் நிற்பது நன்மையாகும்.

எவ்வுலோகமாயினும் அச்சில் ஈரம் இருத்தல் ஆகாது. உருகிய உலோகம் பட்ட நீர் நொடியில் நீராவியாகிப் பன்மடங்கு விரிந்து, உலோகத்தை வெளியே தெறிக்கச் செய்யும். அச்சை முன்கூட்டியே சூடாக்குவதும், கண்ணாடியும் கையுறையும் அணிவதும், காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் வார்ப்பதும் கட்டாயமாகும். உருக்கும் கலத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது.

முடிவுரை

தகட்டு இரையின் அசைவைத் தடிப்பும் குழிவும் தீர்மானிக்கின்றன. வார்ப்பு இரையின் இயல்பை அடர்த்தி தீர்மானிக்கிறது. ஈயத்தைக் கைவிடுவதால் நேரும் இழப்பு பெரும்பாலும் அச்சின் அளவை மாற்றுவதால் ஈடுசெய்யக்கூடியதே. ஒவ்வோர் இரையையும் தம் கையால் வடிவமைப்போர் ஆதலின், வீட்டுப் பட்டறையாளருக்கு இம்மாற்றம் எளிது. நரம்பு அறுந்து இரை நீரில் தங்கிவிடுவது தூண்டிலில் தவிர்க்க இயலாதது. அவ்வாறு தங்குவது நஞ்சாக இராமல் காப்பது அதனைச் செய்பவரின் தேர்வில் அடங்கியுள்ளது.