நகரும் வீட்டுக்கு முட்டுக் கொடுத்தல்

அமெரிக்காவின் அரிஜோனா பாலைவனத்தில் க்வார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் உண்டு. வடக்கு மாகாணங்களின் பனிக்குப் பயந்து, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர், படுக்கையும் அடுப்பும் குளியலறையும் அடங்கிய வண்டி வீடுகளைத் தங்கள் மோட்டார்களின் பின்னே இழுத்துக்கொண்டு, வருஷந்தோறும் குளிர்காலத்தில் அங்கே வந்து முகாமிடுவார்கள். டிராவல் டிரெய்லர் என்பது இவ்வண்டியின் பெயர். 1930-களில் வாலி பையம் என்பவர் அலுமினியத் தகட்டால் செய்து பிரசித்தமாக்கிய ஏர்ஸ்ட்ரீமும் இந்த ஜாதியே.

இவ்வண்டியின் டயர் தேய்ந்துதான் கெட வேண்டும் என்பதில்லை. வருஷத்தின் பெரும்பகுதி வெயிலில் அசையாது நிற்பதால், பட்டன் புதிதுபோலவே இருக்க, சூரிய கிரணமும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுக்கிப் பக்கவாட்டில் வெடிப்புகளை உண்டாக்கிவிடும். ஆகவே விஷயமறிந்தவர்கள் முதலில் நோக்குவது டயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களையே. 3419 என்றிருந்தால் அது 2019-ஆம் வருஷத்தின் 34-வது வாரத்தில் பிறந்தது.

வயதான டயரை மாற்ற வண்டியைத் தூக்கியாக வேண்டும். மூன்று டன் வண்டியின் ஒரு பக்கத்தைத் தனி மனிதன் தூக்குவது இன்று அதிசயமன்று. பாஸ்கல் கண்ட திரவ அழுத்த விதியைக் கொண்டு ஜோசப் பிராமா 1795-இல் உரிமை பெற்ற யந்திரத்தின் வழிவந்ததே நம் எண்ணெய் ஜாக்கி. ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிஸ்டன் மூன்று சென்டிமீட்டர் பிஸ்டனைத் தள்ளினால் விசை ஒன்பது மடங்காகிறது. நீண்ட கைப்பிடி அதையே இன்னும் பன்னிரண்டு மடங்காக்கினால், ஒன்றரை டன் பாரத்துக்குக் கையில் பதினான்கு கிலோ அழுத்தம் போதும்.

சூட்சுமம் தூக்குவதில் இல்லை. தூக்கியது பக்கவாட்டில் நழுவாமல் இருப்பதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் உயரும்போது வண்டி எதிர்ப்பக்கத்து டயர்களின் மேல் சாய்ந்து திரும்புகிறது. பத்து சென்டிமீட்டர் எழும்புவதற்குள், ஜாக்கியின் தலை தொட்ட இடம் ஓரிரு சென்டிமீட்டர் அப்பால் விலகிவிடுகிறது. ஜாக்கியோ செங்குத்தாக நிற்க மட்டுமே அறிந்தது. போதாக்குறைக்கு, அந்நாட்டு டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றில் உள்ள மின்சார பிரேக்கை முன்னே போகும் மோட்டாரிலிருந்துதான் இயக்க வேண்டும். நிறுத்தி வைக்கக் கைப்பிரேக் கிடையாது. ஆகையால் இழுவை மோட்டாரைக் கழற்றாமல் அதன் கைப்பிரேக்கைப் போட்டு, எதிர்ப்பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்று நெகிழ்த்திக்கொண்டு, வெயிலில் இளகிய தாரிலோ மணலிலோ புதையாதபடி ஜாக்கியின் கீழ் தடித்த பலகை வைத்து, அதன்பின்பே தூக்க வேண்டும். தூக்கியதும் சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்துப் பாரத்தை அதன்மேல் இறக்கிவிட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை நீட்டுவது தைரியமல்ல.

ஜாக்கியை எங்கே வைப்பது? கைக்கு எட்டுகிறதே என்று அச்சின் நடுவில் வைப்பார் பலர். அச்சுக்குழாய் நேரானதன்று, பாரம் ஏறியதும் சக்கரங்கள் செங்குத்தாக நிற்கும்பொருட்டு, அதன் நடுப்பாகம் சிறிது மேல்நோக்கி வளையும்படி ஆலையிலேயே செய்திருக்கிறார்கள். இரு முனைகளிலும் ஸ்பிரிங் பட்டை வழியாக வண்டியின் பாரம் அழுத்த, நடுவில் ஜாக்கி முட்டினால், தோள்மேல் காவடித் தண்டு வளைவதைப் போல அது மேலும் வளைந்துவிடும். அந்த வளைவு நிலைத்துவிட்டால் சக்கரத்தின் தலை வெளிப்புறம் சாய்ந்து, புது டயரும் ஓரத்தில் தேயும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடத்தில், சக்கரத்துக்கு அருகே சேசிஸின் அடியில் வைப்பதே நியாயம். மூலைகளில் தொங்கும் கால்களோ ஆட்டத்தை அடக்க மட்டுமே, தூக்க உதவா.

இரட்டை அச்சு வண்டியில் ஒரு சக்கரத்தைச் சாய்வுக் கட்டைமேல் ஏற்றி, மற்றதை அந்தரத்தில் விடும் உபாயமும் உண்டு. நிற்கும் ஒற்றை டயர் இருவர் பாரத்தைச் சுமப்பதால் எனக்கு அதில் மனம் செல்வதில்லை.

சக்கரம் கழன்ற வேளையில் ஹென்றி டிம்கென் 1898-இல் உரிமை பெற்ற கூம்பு உருளை பேரிங்கையும் பார்த்துவிடலாம். 12 மாதத்துக்கு அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைப்பது வழக்கம்.

திரும்ப மாட்டும்போது நட்டுகளை வரிசையாக அன்றி எதிரெதிராக, மூன்று தவணையில் முறுக்குகிறார்கள். அரை அங்குல போல்டுக்கு முடிவில் 90 முதல் 120 பவுண்டு-அடி வரை. ஆனாலும் புதுச் சக்கரத்தின் பூச்சும் உலோகமும் ஓட்டத்தில் படிந்து அமரும்போது நட்டு தளர்வதுண்டு. மோட்டாரின் சக்கரம் ஆடினால் ஓட்டுபவரின் கைக்கு உடனே தெரிந்துவிடும். பின்னே இழுபட்டு வரும் வண்டியின் ஆட்டம் எட்டவே எட்டாது. அதனால்தான் முதல் 50 மைலுக்குள் ஓரிரு முறை ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.