லேப்டாப் இல்லாமலும் பைத்தான் பழகலாம்

புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பைத்தான் புத்தகம் புரட்டிவிட்டு வந்த உங்கள் மகள், செய்துபார்க்க லேப்டாப் கேட்கிறாளா? இப்போதைக்கு உங்கள் செல்போன் பிரவுசரே போதும்.

விளக்கம், நிரல், விடை மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும் கோப்புக்கு ஜூபிட்டர் நோட்புக் என்று பெயர். நோட்புக் இருக்கும் பொதுவான கிட்ஹப் ரெப்போவின் முகவரியை மைபைண்டர் தளத்தில் கொடுத்தால் திறந்துவிடும். கட்டணம் இல்லை, லாகின்கூட வேண்டாம்.

எப்படி? திருமங்கலத்தில் கல்யாணமோ மேலூரில் காதுகுத்தோ, சமையல்காரர் அண்டா, அடுப்பு, கரண்டி எல்லாவற்றையும் வண்டியிலேயே கொண்டுவந்துடுவார் இல்லையா? அதுபோல நிரலுக்குத் தேவையான மென்பொருள் அத்தனையும் ‘கன்டெய்னர்’ என்ற ஒரே கட்டாக, எங்கோ உள்ள சர்வரில் ஓடுகிறது. உங்கள் போனில் வருவது திரை மட்டும்தான். முதல் தடவை அதைக் கட்டி முடிக்கச் சில நிமிடம் பிடிக்கும், நின்னுபோச்சுன்னு மூடிடாதீங்க.

கவனிக்க வேண்டியது இதுதான்: சுமார் 10 நிமிடம் வேலையில்லாமல் கிடந்தால் கன்டெய்னரை அழித்துவிடுவார்கள், மகள் எழுதியதும் சேர்ந்தே போய்விடும். போனைக் கீழே வைக்கும் முன் ஃபைல் மெனுவில் டவுன்லோடு கொடுக்கச் சொல்லுங்கள். பயிற்சிக்குன்னாலும் ஆதார், வங்கிக் கணக்கு எண்களை அதில் போட வேண்டாம்.