மைக் ஆர்ம் வாங்குறதுக்கு முன்னாடி மைக்கை எடை போடுங்க

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் தனி எபிசோடாவே பேச வேண்டிய அளவுக்குப் பெருசு. திண்டிவனத்துல கடைசி வருஷம் படிக்கிற ஒருத்தர் அனுப்பியிருக்கார். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு 2,500 ரூபாய் கையில இருக்கு. ஏற்கெனவே ஒரு சாதாரண யுஎஸ்பி மைக் இருக்கு, அது கூடவே வந்த குட்டி முக்காலி ஸ்டாண்டுல மேஜை மேல நிக்குது. ரெக்கார்ட் பண்ணினா குரல் எங்கேயோ தூரத்துல கேக்குது, ஃபேன் சத்தம் பக்கத்துல கேக்குது. இந்தக் காசுல வேற மைக் வாங்கலாமா, இல்ல ஆர்ம் வாங்கலாமா?

என் பதில்: ஆர்ம். ஆனா அதை வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கு. அந்த ரெண்டுக்கும் செலவு கிடையாது.

முதல்ல ஏன் ஆர்ம்னு சொல்லிடறேன். மேஜை மேல நிக்குற மைக்குக்கும் உங்க வாய்க்கும் நடுவுல தோராயமா 60 சென்டிமீட்டர் தூரம் இருக்கும். ஆர்ம்ல மாட்டினா அதை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டு வரலாம். தூரம் பாதியாகுற ஒவ்வொரு தடவையும் உங்க குரல் மைக்குல 6 டெசிபெல் கூடும். 60, 30, 15. ரெண்டு தடவை பாதியாகுது, அதனால 12 டெசிபெல். ஆனா ஃபேன் எங்க இருந்துச்சோ அங்கயேதான் சுத்துது, அதோட சத்தம் பெருசா மாறாது. குரல் மட்டும் மேல வருது. அதே மேஜை, அதே தூரம்னு வெச்சுக்கிட்டு மைக்கை மட்டும் மாத்தினா இந்த 12 டெசிபெல் கிடைக்காது. நல்ல மைக் உங்க ஃபேனையும் நல்லாவே ரெக்கார்ட் பண்ணும், அவ்வளவுதான்.

எதிரொலிக்கும் இதே கதைதான். நான் ரெக்கார்ட் பண்றது மண்டகப்பட்டுலன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும், விழுப்புரத்துல இருந்து செஞ்சி போற பக்கம். இந்த ஊர்ல முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல குடைஞ்ச குடைவரைக் கோயில் இருக்கு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் விசித்திரசித்தன் இதை உண்டாக்கினான்னு அங்க இருக்கிற கல்வெட்டு சொல்லுது. விசித்திரசித்தன்ங்கிறது மகேந்திரவர்மனோட பட்டப்பேர். சுத்தி வெறும் பாறை, சத்தத்தை உறிஞ்ச ஒரு துணி கூட இல்லாத இடம். இப்ப உங்க ரூமைப் பாருங்க: கான்கிரீட் கூரை, சிமெண்ட் பூசின சுவர், டைல்ஸ் தரை. சத்தத்தைப் பொறுத்தவரைக்கும் அதுவும் ஒரு குடைவரைதான். சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற குரல் ரூம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுல நிரம்பி நிக்கும். மைக் பக்கத்துல வந்தா நேரடிக் குரல் அதைத் தாண்டி நிக்கும். மெத்தை, போர்வைன்னு தொங்கவிடுறதெல்லாம் அதுக்கு அடுத்த கட்டம்.

இப்ப அந்த ரெண்டு இலவச வேலைக்கு வரேன். ஒண்ணு, மைக்கை எடை போடறது. சமையலறைத் தராசு இருந்தா அதுல வைங்க, இல்லைன்னா மளிகைக் கடைக்காரர்கிட்ட கேட்டா எலக்ட்ரானிக் தராசுல வெச்சுப் பார்த்துச் சொல்வார். மேஜை ஸ்டாண்டைக் கழட்டிட்டு, ஷாக் மவுண்ட், பாப் ஃபில்டர்னு ஆர்ம்ல தொங்கப் போற எல்லாத்தையும் சேர்த்து நிறுக்கணும். மைக்குக்கு மைக் எடை எவ்வளவு வித்தியாசப்படுதுன்னு பாருங்க: மேடைகள்ல பார்க்குற ஷூர் எஸ்எம்58 சுமார் 300 கிராம். ஸ்டாண்ட் இல்லாத ப்ளூ யெட்டி சுமார் 550 கிராம். பெரிய பாட்காஸ்ட்கள்ல தெரியுற ஷூர் எஸ்எம்7பி 765 கிராம்.

எடை தெரிஞ்சு என்ன ஆகப் போகுதுன்னா, மைக் ஆர்ம்ங்கிறது ஒரு ஸ்ப்ரிங் தராசு மாதிரி. இதோட பூர்வீகம் மேஜை விளக்கு. வண்டி சஸ்பென்ஷன்ல வேலை பார்த்த ஜார்ஜ் கார்வர்டைன்ங்கிற இங்கிலாந்து இன்ஜினியர், எந்த நிலையில விட்டாலும் அப்படியே நிக்கிற ஒரு ஸ்ப்ரிங் கையை வடிவமைச்சு 1932-ல காப்புரிமை கேட்டார். ஆங்கிள்பாய்ஸ் விளக்கு அதுல இருந்து வந்ததுதான். பிக்ஸார் படம் ஆரம்பிக்கும்போது குதிச்சுக்கிட்டு வர்ற விளக்கு இருக்கே, அது இந்தக் குடும்பத்தோட நார்வே கிளையான லக்ஸோ.

தத்துவம் சிம்பிள். கையைக் கீழ இறக்க இறக்க, அதாவது படுக்கையா ஆக ஆக, நுனியில இருக்கிற எடை கீழே இழுக்குற திருப்புவிசை கூடும். அதே நேரத்துல ஸ்ப்ரிங்கும் நீண்டு இன்னும் பலமா மேல இழுக்கும். ரெண்டும் சமமா இருந்தா கை விட்ட இடத்துல நிக்கும். ஆனா அந்தச் சமநிலை ஒரு குறிப்பிட்ட எடைக்குத்தான். எடை கூடினா ஆர்ம் மெல்ல மெல்லக் கீழே சாயும். இது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, எடை குறைஞ்சா ஆர்ம் தானா மேல ஏறும்.

அதனால "1.5 கிலோ தாங்கும்"னு பெட்டியில பெருசாப் போட்டிருக்கிறதைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்க மைக் 300 கிராம்னா, ஒன்றரைக் கிலோவுக்குச் செஞ்ச ஸ்ப்ரிங் உங்களுக்கு உதவி இல்ல, தொந்தரவு. குறைஞ்சபட்ச எடை எவ்வளவுன்னு போட்டிருக்காங்களான்னு பாருங்க. ரோட் நிறுவனத்தோட பழைய பிஎஸ்ஏ1 ஆர்ம்ல 700 கிராம்ல இருந்து 1.1 கிலோ வரைக்கும்னு தெளிவாக் குறிப்பிட்டிருந்தாங்க. அப்புறம் வந்த பிஎஸ்ஏ1 ப்ளஸ்ல அதையே 94 கிராம்ல இருந்து 1.2 கிலோன்னு விரிவாக்கினாங்க. அதுக்குக் கொடுக்குற விலையில ஒரு பெரிய பங்கு இந்தச் சமநிலைக்குத்தான். நம்ம பட்ஜெட்டுக்கு அது ரொம்பத் தூரம். ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்குற, ஸ்ப்ரிங் வெளியில தெரியுற கத்தரி மாடல்கள்ல குறைஞ்சபட்ச எடையைப் பெரும்பாலும் போட மாட்டாங்க. மூட்டுல இருக்கிற திருகை இறுக்கித்தான் நிறுத்தி வைக்கணும். ஸ்ப்ரிங் ஏறக்குறைய சரியா இருந்தா இந்தத் திருகு மிச்சத்தைப் பார்த்துக்கும். மொத்த பாரத்தையும் திருகு மேலயே போட்டா பிளாஸ்டிக் கைப்பிடிக்குள்ள மரை தேய்ஞ்சு போகும். அப்புறம் எவ்வளவு திருப்பினாலும் இறுகாது.

மைக் லேசா இருந்து ஆர்ம் மேல ஏறினா பத்து ரூபாய் வைத்தியம் ஒண்ணு இருக்கு. ஹார்டுவேர் கடையில இரும்பு நட்டு நாலஞ்சு வாங்கி, துணியில இறுக்கமாச் சுத்தி, மைக்குக்குப் பக்கத்துல ஆர்மோட நுனியில கட்டிடுங்க. தளர்வா விட்டா அதுவே சலங்கை மாதிரி சத்தம் போடும். மைக் கனமா இருந்து கீழே சாயுற கேஸ்ல இப்படி மலிவான வழி எதுவும் இல்ல. அதனாலதான் வாங்குறதுக்கு முன்னாடியே எடை போடச் சொல்றேன்.

இரண்டாவது இலவச வேலை, மேஜையைக் குனிஞ்சு பார்க்குறது. மேல இருந்து இல்ல, அடியில. ஒரு சின்னக் கணக்கு: மைக்கும் ஆர்மோட பாரமும் சேர்ந்து நுனியில 800 கிராம்னு வைங்க. ஆர்ம் 80 சென்டிமீட்டர் நீண்டு நிக்குது. க்ளாம்ப் மேஜையை அஞ்சு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பிடிச்சிருக்கு. 800-ஐ 80-ஆல பெருக்கி 5-ஆல வகுத்தா 12.8 கிலோ. க்ளாம்ப்போட ஒரு ஓரம் கிட்டத்தட்ட 13 கிலோ பாரத்தோட பலகையை அமுக்குது, இன்னொரு ஓரம் அதே பலத்தோட நெம்புது. பழைய தேக்கு மேஜைக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆன்லைன்ல வர்ற பார்ட்டிக்கிள் போர்டு ஸ்டடி டேபிளுக்கு இது தினமும் நடந்தா ஓரம் உப்பி, மேல ஒட்டியிருக்கிற தாள் உரியும். க்ளாம்ப்புக்கு மேலயும் கீழயும் உள்ளங்கை அளவு ப்ளைவுட் துண்டு வெச்சா பாரம் பரவும். மரக்கடையில கழிச்சுப் போட்ட துண்டே போதும்.

பிளாஸ்டிக் மேஜையில ஓரம் கீழ்நோக்கி மடிஞ்சிருக்கும், அதுல க்ளாம்ப் சரியா உட்காராது. மடக்குற ஸ்டீல் மேஜையில அடியில சட்டம் தடுக்கும். க்ளாம்ப் எவ்வளவு தடிமன் வரைக்கும் பிடிக்கும்னு பொருள் விவரத்துல இருக்கும், உங்க மேஜை ஓரத்தை ஸ்கேல் வெச்சு அளந்து ஒப்பிடுங்க. கண்ணாடி மேஜைன்னா க்ளாம்ப் வேண்டவே வேண்டாம். மேஜையே சரியில்லைன்னா ஜன்னல் பக்கம் திரும்புங்க. மரச்சட்டம் போட்ட பழைய ஜன்னலோட அடிச்சட்டம் நல்ல உறுதியா இருக்கும். மேஜையில தட்டுற சத்தமும் அங்க போகாது.

இப்ப எந்த மாதிரி ஆர்ம்ங்கிற கேள்வி. கேம் ஸ்ட்ரீமிங் வீடியோக்கள்ல பார்த்துட்டு, மேஜையை ஒட்டிக் கிடைமட்டமா வர்ற தாழ்வான ஆர்ம் வேணும்னு நிறைய பேர் கேக்குறீங்க. பார்க்க அழகா இருக்கும், முகத்தை மறைக்காது. ஆனா அதுல மைக் கீழ இருந்து மேல பார்க்கும். மேல என்ன இருக்கு? சீலிங் ஃபேன். அந்த வீடியோக்கள் எடுக்கிற ரூம்கள்ல அநேகமா ஃபேன் இருக்காது. நமக்கு மே மாசம் ஃபேனை நிறுத்திட்டு இருபது நிமிஷம் பேசினா ரெக்கார்டிங்ல வேர்வை சொட்டுற சத்தமும் கேக்கும். நம்மகிட்ட இருக்கிற மைக் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. முன்னாடி இருந்து வர்றதை நல்லாப் பிடிக்கும், நேர் பின்னாடி இருந்து வர்றதைத்தான் மிகக் குறைவாப் பிடிக்கும். அதனால நம்ம வீட்டுக்குச் சரியானது உசரமா வளைஞ்சு மேல இருந்து இறங்குற கத்தரி ஆர்ம். மைக்கோட முகம் உங்க வாயைப் பார்க்கட்டும், முதுகு ஃபேனைப் பார்க்கட்டும். இதுல ஒரு நஷ்டமும் உண்டு, கீபோர்டு சத்தம் மைக்குக்கு முன்பக்கமா வந்துடும். பேசும்போது டைப் பண்ணாதீங்க.

வாய்க்கு நேரா வைக்காம, வாயோட ஓரத்துக்கு ஒரு கை அகலம் தள்ளிச் சாய்வா வைங்க. 'ப'ல ஆரம்பிக்கிற வார்த்தைகள்ல வர்ற காத்து மைக்கைத் தாண்டிப் போயிடும்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி திருகு அளவையும் பாருங்க. மைக் உலகத்துல 5/8 இன்ச், 3/8 இன்ச்னு ரெண்டு அளவு. கேமரா உலகத்துல இருந்து வந்த 1/4 இன்ச்சும் சில குட்டி மைக்குகள்ல இருக்கும். 5/8-ஐ 3/8-ஆ மாத்துற குட்டி அடாப்டரைப் பல ஆர்ம்கள் கூடவே தர்றாங்க. வரலைன்னா விழுப்புரத்துல சவுண்ட் சர்வீஸ், மைக் செட் கடையில கேட்டுப் பாருங்க, திருவிழாவுக்கு ஸ்டாண்ட் போடுறவங்ககிட்ட இது புழங்குற பொருள். சென்னைக்குப் போனா ரிச்சி ஸ்ட்ரீட்.

வந்த பார்சலைத் திறந்ததும் செய்ய வேண்டியது ஒரு சோதனை. மைக்கை மாட்டி, ஆர்மை ஏறக்குறைய படுக்கையா நீட்டி, அப்படியே விட்டுட்டுச் சாப்பிடப் போங்க. மெத்தையோ தலையணையோ அடியில இருக்கட்டும். திரும்பி வரும்போது மைக் எங்க இருக்குன்னு பாருங்க. ரெண்டு மூணு சென்டிமீட்டர் இறங்கியிருந்தா திருகை இறுக்கிக்கலாம். தலையணையில படுத்திருந்தா அது உங்க எடைக்கான ஆர்ம் இல்ல, திருப்பி அனுப்புற கெடு முடியறதுக்குள்ள அனுப்பிடுங்க. அட்டைப்பெட்டியைக் கிழிக்காம வெச்சிருங்க. அப்புறம் ஒரு எச்சரிக்கை: மைக்கைக் கழட்டும்போது இன்னொரு கையால ஆர்மைப் பிடிச்சுக்கணும். பாரம் போனதும் ஸ்ப்ரிங் விருட்டுன்னு மேல இழுக்கும், முகம் பக்கத்துலதான் இருக்கும். மூட்டுல விரலையும் வைக்காதீங்க.

ரெக்கார்டிங்ல "டொய்ங்"னு ஒரு சத்தம் வந்தா அது ஸ்ப்ரிங். மேஜையில கை பட்டா அதிர்வு க்ளாம்ப் வழியா ஏறி ஸ்ப்ரிங்கை மீட்டுது. ஸ்ப்ரிங் உள்ள பஞ்சு இல்லைன்னா பழைய பனியன் துணியை நீளமாக் கிழிச்சு நுழைச்சு விடுங்க, நின்னுடும். கேபிளை ஆர்மோட சேர்த்துக் கட்டும்போது மூட்டு வர்ற இடத்துல மட்டும் ஒரு வளையம் தளர்வா விடுங்க. இழுத்துக் கட்டினா ஆர்ம் அசையுற ஒவ்வொரு தடவையும் மைக்கோட யுஎஸ்பி சாக்கெட்தான் அடி வாங்கும். மலிவு மைக்குகள்ல அது ஆடிப் போயிட்டா சரி பண்றது கஷ்டம்.

திண்டிவனம் நண்பருக்கு: உங்க பட்ஜெட்ல ஆயிரத்துக்குள்ள கத்தரி ஆர்ம், ஒரு பாப் ஃபில்டர், ரெண்டு ப்ளைவுட் துண்டு. மிச்சக் காசைத் தொடாதீங்க. நீங்க மைக்கோட பேரை எழுதலை, அதனால எடை போட்டுட்டு எத்தனை கிராம்னு எழுதி அனுப்புங்க. மேஜை ஓரத்தை அடியில இருந்து ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பினா, எந்த க்ளாம்ப் உட்காரும்னு பார்த்துச் சொல்றேன்.