கையில் ஒரு திரை, எதிரே ஒரு திரை

டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியையும் பார்ப்பதற்கு ‘இரண்டாம் திரை’ என்று பெயர். திரையில் வரும் நடிகை வேறு எந்தப் படத்தில் நடித்தார் என்று தேடுவதும் இதில் அடங்கும். நிகழ்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாமல் கரண்ட் பில் கட்டுவதும் அடங்கும்.

டிவியை யாரும் முழுக் கவனத்தோடு பார்த்ததில்லை என்பதும் உண்மைதான். கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் பார்ப்பது பழைய வழக்கம். கீரைக்குக் கையும் அரைக் கண்ணும் போதும், காது சும்மா இருக்கும். கைப்பேசியோ வாசிக்கச் சொல்கிறது. வாசிப்பதும் வசனம் கேட்பதும் மூளையில் ஒரே மொழித்திறனுக்குப் போட்டி போடுகின்றன. இரண்டும் ஒருசேர நடப்பதில்லை. கவனம் இங்கும் அங்குமாகத் தாவுகிறது. தாவும் இடைவெளியில் வசனம் நழுவிவிடும். “இப்ப யாரு செத்தா?” என்ற கேள்வி அப்படிப் பிறப்பதுதான்.

ஊரே ஒரே நேரத்தில் ஒன்றைப் பார்க்கும்போதுதான் இரண்டாம் திரைக்குத் தனி உயிர் வருகிறது. ஜப்பானில் இயக்குநர் மியாசாகியின் ‘லபுட்டா’ (1986) அனிமேஷன் படத்தை டிவியில் அவ்வப்போது மறுஒளிபரப்பு செய்வார்கள். கடைசிக் கட்டத்தில் சிறுவனும் சிறுமியும் கைகோத்து ‘பல்ஸ்’ என்ற மந்திரத்தைச் சொல்ல, வானத்துக் கோட்டை இடிந்து விழும். பார்ப்பவர்களும் அதே நொடியில் அந்தச் சொல்லை ட்விட்டரில் இடுவது வழக்கமாயிற்று. 2013 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அந்த ஒரு நொடியில் 1,43,199 பதிவுகள் விழுந்தன. அப்போது ட்விட்டரின் உலகளாவிய சராசரியே நொடிக்கு 5,700 அளவில்தான் இருந்தது.

இந்த உற்சாகத்தைத் தனிச் செயலியாக விற்கப் பார்த்தவர்கள் சறுக்கினார்கள். பிரிட்டனில் 2011இல் வந்த ‘ஸீபாக்ஸ்’ 2014இல் ‘பீம்லி’ என்று பெயர் மாறியும் நிலைக்கவில்லை. அரட்டைக்குத்தான் ஏற்கெனவே ட்விட்டரும் வாட்ஸ்அப்பும் கையில் இருந்தனவே! செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தவை பிழைத்தன. 2017இல் தொடங்கிய தமிழ் ‘பிக் பாஸ்’ கூகுள் தேடல் வழியாக வாக்கு கேட்டது. போட்டியாளர்களில் யாரை வீட்டுக்குள் வைத்திருப்பது என்பது பார்ப்பவரின் கைப்பேசிக்கு வந்தது.

ஆனால் ‘ஒரே நேரம்’ என்பதே இப்போது கலைந்துவருகிறது. இணையம் வழியாக வரும் நேரலை, சில நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு வருகிறது. இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்த பிறகே காட்சி ஓடத் தொடங்கும். அதனால் கிரிக்கெட் பார்க்கும்போது டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கத்துகிறார். ஸ்கோர் செயலிக்கோ ஒரு வரி எழுத்தை அனுப்பினால் போதும், வீடியோவுக்கு முன்பே வந்துவிடும். திரையில் பந்துவீச்சாளர் ஓடிவரத் திரும்பிக்கொண்டிருப்பார். மடியில் கைப்பேசி அதிர்ந்து விக்கெட் என்று சொல்லிவிடும். கடைசி ஓவர் வந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு.