49-வது மணி நேரத்துக்கு அப்புறம்..!

சனிக்கிழமை வந்தா போதும்... நாலு பைக், எட்டு பேர், ஈ.சி.ஆர்., மாமல்லபுரம்! உங்க செட்டும் அப்படித்தானே பாஸ்? தாராளமா போங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க.

2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி அசோகன் - புஷ்பாஞ்சலியின் 15 வயது மகன் ஹிதேந்திரன், பைக் விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவனுடைய உறுப்புகளைத் தானம் செய்ய, 11 நிமிடத்தில் சென்னை டிராஃபிக்கைக் கடந்த அவன் இதயம் 9 வயதுச் சிறுமிக்குள் துடிக்க ஆரம்பித்தது. இந்தக் கதை தமிழ்நாட்டுக்கே தெரியும். தலையில அடிபட்டு, பிழைச்சு வந்தவங்க கதை?

விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே இலவசமாகத் தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம், 2021 டிசம்பரில் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. உயிர் பிழைக்குது, சூப்பர்! ஆனா, 49-வது மணி நேரத்திலிருந்து?

தையல் பிரிச்சாச்சு, முடி வளர்ந்தாச்சு. ஆள் பார்க்க பழைய மாதிரிதான். ஆனா, காலையில சொன்னது மத்தியானம் மறந்துபோகும். சின்ன விஷயத்துக்கும் சுள்ளுனு கோபம். ரெண்டு கிளாஸ் உட்கார்ந்தாலே அசதி. 'திமிரு', 'நடிக்கிறான்'னு ஊர் பேசும். நிஜம் என்னன்னா, திட்டமிடறது, கோபத்தை அடக்கறது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதியோட வேலை. அங்கே அடிபட்டா, பிரேக் பிடிக்காத வண்டி கதைதான்.

இதுக்கு மாத்திரை மட்டும் போதாது. தனிப்பட்ட கவுன்சலிங் வேணும். 'இது உன் தப்பு இல்லை, காயத்தோட விளைவு'ன்னு புரிய வைக்கறதும், 'பழைய நான் எங்கே?'ங்கிற துக்கத்தை வாய்விட்டுப் பேச விடறதும் அங்கேதான் நடக்கும். கூடவே வாழ்க்கைத் திறன் பயிற்சி. எல்லாத்துக்கும் ஒரே டைரி, செல்போன் அலாரம். பஸ் ஏறறது, கடையில மீதிச் சில்லறை எண்ணறதுன்னு ஒவ்வொரு வேலையையும் சின்னச் சின்னதா உடைச்சு, திரும்பத் திரும்பப் பழக்குவாங்க. கோபம் தலைக்கேறும்போதே இடத்தை விட்டு நகரவும் சொல்லித் தருவாங்க. வீட்டில் இருக்கிறவங்களுக்கும் கவுன்சலிங் உண்டு.

முட்டுக்காட்டுல போட்டிங் மட்டும்தான் தெரியுமா? ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் அங்கே 2005-லிருந்து இருக்கு. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, உளவியல் ஆலோசனை எல்லாம் ஒரே வளாகத்தில்! ஆனா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் 'மூளைக் காயம்'னு தனி வகை கிடையாது. கை, கால், பேச்சு பாதிச்சா அந்தந்தத் தலைப்பில் சான்றிதழ் கேட்கலாம். வெளியே தெரியாத மறதியையும் கோபத்தையும் நிரூபிக்கறதுதான் பெரும்பாடு.

அதனால, அப்படி ஒருத்தனோ ஒருத்தியோ உங்க கிளாஸுக்குத் திரும்பி வந்தா, மூணு விஷயம் பண்ணுங்க. நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க. கேட்டதையே நாலு தடவை கேட்டாலும் சலிக்காம சொல்லுங்க. 'ஒரே ஒரு பெக்தான் மச்சான்'னு மட்டும் இழுக்காதீங்க. காயப்பட்ட மூளைக்கு மது எமன்!

ஹெல்மெட்? உயிரிழப்பு அபாயத்தை சுமார் 40 சதவிகிதமும், கடுமையான தலைக்காயத்தை சுமார் 70 சதவிகிதமும் அது குறைக்குது. பின் சீட் பார்ட்டிக்கும் சேர்த்துத்தான்!

விபத்துக்கு அப்புறம் காலேஜ் பக்கமே வராத ஃப்ரெண்ட் யாராவது ஞாபகத்துக்கு வர்றாங்களா? இன்னிக்கே ஒரு போன் போடுங்க.