இன்ஜெக்டரைக் கழுவும் முன்…

காமன் ரயில் டீசல் வண்டி காலையில் கிளம்ப அடம்பிடித்தாலும், ஐடிலில் உதறினாலும் முதல் பழி பங்க் டீசல் மீதுதான் விழுகிறது. கலப்படம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவிவிடுகிறோம். ஆனால், தரச் சோதனையில் தேறிய டீசலும் இன்ஜெக்டருக்குள் படிவை உண்டாக்கும். உள்ளே அசையும் பாகங்களுக்கு இடையே சில மைக்ரான் இடைவெளிதான். அழுத்தமோ சில வண்டிகளில் 2000 பாரையும் தாண்டும். அங்கே மெல்லிய பூச்சு படிந்தாலே, டீசலைத் திறந்து மூடும் நீடில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பூச்சு எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. வெளிர் நிறப் படிவு பெரும்பாலும் சோடியம் சோப்பு. சுத்திகரிப்பு ஆலையின் காஸ்டிக் சோடாவிலிருந்தும் உப்பு உலர்த்திகளிலிருந்தும் துளியளவு சோடியம் டீசலில் தங்குகிறது. துருவைத் தடுக்கச் சேர்க்கும் அமிலம் அதோடு கூடினால் சோப்பு பிறக்கிறது. பழுப்பு நிற அரக்கு போன்றது அமைடு வகை. அதற்கு டீசலில் சேர்க்கும் டிடர்ஜென்ட்டின் சில கூறுகள் காரணமாகலாம். அகச்சிவப்பு நிறமாலையில் சோப்பு 1560 அலையெண்ணை ஒட்டியும், அமைடு 1650ஐ ஒட்டியும் தடம் காட்டும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் எக்ஸ்ரே ஆய்வு சோடியத்தைக் காட்டிக்கொடுக்கும். பூச்சு மெல்லியது என்பதால் அடியிலுள்ள எஃகின் இரும்பும் சேர்ந்தே தெரியும். அதைத் துரு என்று படித்துவிடக் கூடாது. 2020இல் பி.எஸ்.6 மாசு விதி வந்து கந்தகம் 10 பிபிஎம்மாகக் குறைந்ததே காரணம் என்பாரும் உண்டு. அது பாதி உண்மை. கந்தகத்தை நீக்கும்போது வழவழப்பு குறைவதால் அமிலவகைச் சேர்மங்கள் தேவைப்படலாம். ஆனால் சோடியம் வராவிட்டால் சோடியம் சோப்பும் இல்லை.

கவலையெல்லாம் படிவு என்ற இந்தச் சாட்சியம் அழிவதைப் பற்றித்தான். சோடியம் சோப்பு டீசலில் கரையாது, தண்ணீரில் கரையும். சர்வீஸ் கடையின் அல்ட்ராசோனிக் தொட்டியில் தண்ணீர் கலந்த திரவம் இருந்தால், நோயோடு நோயின் காரணமும் கழுவப்பட்டுவிடும். அதே டீசல், அதில் அதே சேர்க்கைப் பொருள், சில மாதத்தில் அதே கோளாறு. ஆய்வுச் செலவு கட்டுப்படியாகாது என்பது ஒற்றை வண்டிக்காரருக்குப் பொருந்தும். ஒரே கோளாறு பத்து வண்டியில் வந்தால், ஒரு இன்ஜெக்டரின் ஆய்வு மற்ற ஒன்பதுக்கும் வழிகாட்டும். ஆகவே வண்டிகள் வைத்திருப்போரே, ஒரு இன்ஜெக்டரையாவது கழுவாமல், அதன் வாயை மூடி, அந்த வண்டியின் டீசல் மாதிரியோடு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.